மஸ்கட்டில் இருக்கும் மகன்

சேர்மாதேவி சப்-கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே
ஜெராக்ஸ் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில்
என் கீபோர்டு.
ஆங்கிலத்தில் மனு, பக்கம் எண்பது ரூபாய்.

ஹூவும் விச்சும் என்னைப் படுத்தியதில்லை.
உயர்திணை, அஃறிணை
ஆறாம் வகுப்பிலேயே அடித்து இறக்கியாயிற்று.
தட்டும் விச்சும்தான்
ஒரே சட்டை போட்ட இரட்டையர் மாதிரி வந்து நிற்கும்.

நடுத்தொடரைத் தூக்கிப் பார்ப்பேன்.
வாக்கியம் நின்றால் விச், இருபுறமும் கமா.
சரிந்தால் தட்.
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

காலையில் கொம்பையா வந்தார்.
'கன்னடியங்காலுக்கு மேக்க கெடக்குற வயல்.'
உள்ளதே ஒண்ணா, நாலில் ஒண்ணா என்றேன்.
'நீ வயலைக் கேக்கியா, சொத்துக் கணக்கைக் கேக்கியா?'
'கெடக்குற' என்று சொல்லிவிட்டால் தமிழில் போதும்.
ஒன்றும் அதில் கிடக்கும்,
நாலும் கிடக்கும்.

மதியம் உலகம்மாள்.
பாஸ்போர்ட் நகலில் பீடித்தூள் வாசம்.
மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு
ஏழு மாதமாகச் சம்பளமில்லை,
தூதரகத்துக்கு எழுதணும்.

மை சன், கமா, ஹூ...
அடித்துக்கொண்டே கேட்டேன்:
ஒரே பையன்தானே?

பிரிண்டர் இருமி முடிக்கும்வரை பேசவில்லை.
'ஆமா. ஒத்த மகன்தான்.'

மடித்தாள். ரூபாயை எண்ணி வைத்தாள்.
பஸ் ஸ்டாண்டுக்குப் பாதி தூரம் போனவள்
திரும்பி வந்தாள்.

'இன்னொருத்தன் பாளையில இருக்கான்.
அது தெரியுமா இந்தக் காயிதத்துல?'

பாளையில் காலேஜ் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு,
ஜெயிலும் உண்டு.
நான் கேட்கவில்லை.

இப்ப இருக்கிறபடி அவன் கிடையாது, என்றேன்.
இந்த ரெண்டு வாலையும் எடுத்துட்டா
இன்னொருத்தன் உண்டுன்னு ஆகும்.
பேர் வராது, ஊர் வராது.

'படிக்கிற ஆபீசருக்கு வெளங்குமா?'

முக்கால்வாசிப் பேருக்கு விளங்காது.

'எடுத்துருங்க.'

இரண்டு முறை டிலீட்.
வரி ஒரு மயிரிழை குறுகியது.
மறு பிரிண்டுக்குக் காசு வேண்டாம் என்றதைக் கேளாதவள்போல
மவுஸ் அடியில் பத்து ரூபாயைச் செருகிப் போனாள்.

கொம்பையா நாளை வருவார்.
மற்ற வயல்களைப் பற்றி அவர் வாய் திறக்கவேயில்லை.
தட் போட்டு வைத்திருக்கிறேன்.