பதின்மூன்றாவது எழுத்து

கல் வெட்டுகிற அல்வீசே போன் செய்தான்.
"டீச்சர், கடைசி எழுத்தில் நிற்கிறேன், வாங்க."

கியோஜாவில் அன்று போரா காற்று.
பட்டறைக் கதவைத் தோளால் தள்ளி நுழைந்தேன்.
வெள்ளைக் கல்லில் பன்னிரண்டு எழுத்து முடிந்து
பதின்மூன்றாவது இடத்தில்
ஒரு செங்குத்துக் கோடு மட்டும்.

"இப்படியே விட்டால் இ.
மூன்று கை வைத்தால் எ.
பாதிரியார் எழுதின தாளில் காபி கொட்டிவிட்டது."

ஓரியெட்டா கெட்ஸோ ஓரமாக நின்றாள்,
கையுறை கழற்றாமல்.
மட்டி அள்ளப் போன படகு பிப்ரவரியில் கிடைத்தது.
டாரியோ கிடைக்கவில்லை.

வகுப்புக் குரலில் ஆரம்பித்தேன்,
எனக்கே பிடிக்காத குரல் அது:
'இரு' என்னும் வினைக்குப் பழைய லத்தீனில்
தனக்கென்று ஓர் எச்சம் கிடையாது.
சும்மா இருக்கிறவனைச் சொல்லச் சொல் இல்லை.
அருகில் இருந்தால் உண்டு.
விலகி இருந்தால் உண்டு.
அப், விலகி. சென்ஸ், இருக்கிற.
அப்சென்ஸ்.
ஆணோ பெண்ணோ, முக்காலியோ,
எது இல்லாமல் போனாலும் முதல் வேற்றுமையில் ஒரே உருவம்.
உருபு ஏறும்போதுதான்
உள்ளே பதுங்கிய ட் தலைகாட்டும்.
அப்சென்டிஸ், இல்லாதவனுடைய.
அப்சென்டெம், இல்லாதவனை...

"இல்லாதவனுக்கு?"

அப்சென்டி.
அப்படியானால் கோடு போதும்.
மரீட்டோ அப்சென்டி: இல்லாத கணவனுக்கு.
கல்லும் முடிந்தது, கூலியும் முடிந்தது.

"கை வைத்தால்?"

மரீட்டோ அப்சென்டே.
கணவன் விலகி இருக்க.
பண்பாய் உறையாத வினை,
இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.
ஆனால் அம்மா, வாக்கியம் நிற்காது.
விலகி இருக்க, என்ன?
யார் என்ன செய்தார்கள்?
கீழே ஒரு முற்றுவினை வேண்டும்.

அவள் குனிந்து
எழுத்துகளுக்குக் கீழே சாண் வைத்துப் பார்த்தாள்.
ஒரு சாண், பிறகு நாலு விரல்.
"இவ்வளவு இடம் விடு" என்றாள் அல்வீசேயிடம்.
"கை வை."

நடுக் கை சற்றுக் குட்டையாக வந்தது.
தூசி முழுவதும் என் கறுப்புக் கோட்டில்.
அவள் போன பிறகு
உளிக்கு அடியில் கிடந்த அந்தத் தாளை எடுத்தேன்.
காபிக்கறை வெறும் ஓரத்தில்தான்.
நடுவில், பாதிரியாரின் நிமிர்ந்த கையெழுத்தில்,
துளி சந்தேகமில்லாமல்

இ.

அல்வீசே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான்,
ரொம்ப நேரமாக.