நாடா நனையும் இடம்

மாதத்தின் முதல் செவ்வாய்
பதினோரு கிணறுகள்.
எஃகு நாடாவின் முதல் ஐந்தடிக்கு
நீலச் சாக்பீஸ் தேய்த்துக்
குழாய்க்குள் இறக்குவேன்.
இருட்டில் எங்கோ அது தண்ணீரைத் தொடும்.
தொட்டது கைக்குத் தெரியாது.
மேலே இழுத்த பிறகுதான் தெரியும்:
வெளிர்நீலம் கருநீலமாகும் கோடு.
கழித்து எழுத வேண்டும்.
கழிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

சவுத் பிளாட் ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில்
ஜல்லிக் குழி.
நாற்பதடி ஆழம், மூன்று டீசல் பம்புகள்,
ஞாயிறும் உண்டு, கிறிஸ்துமஸும் உண்டு.
அவர்களுக்கு வேண்டியது கல்.
தண்ணீர், கல்லுக்கு நடுவே குடியிருக்கும் தொந்தரவு.
காலி செய்தால்தான் லாரி இறங்கும்.

இறைத்ததை ஆற்றில் விட்டார்கள்.
ஆகஸ்டில் பாலத்தில் காரை நிறுத்திப் பார்த்தவர்கள்
இந்த வருஷம் ஆறு பரவாயில்லை என்றார்கள்.
தன் அடிவயிற்றுத் தண்ணீரையே எடுத்து
முகத்தில் தெளித்துக்கொண்டு
போய்க்கொண்டிருந்தது ஆறு.

ஆறாம் எண் கிணறு, ஆடெலா ஷ்வின்ட் வீடு.
மார்ச்சில் பதினாலடி.
மே மாதம் பதினேழு.
ஜூலையில் இருபத்து மூன்று, புள்ளி இரண்டு.
காட்டன்வுட் மரங்கள் அதே ஜூலையில்
அக்டோபர் மாதிரி உதிர்ந்தன.
"குழாயைத் திறந்தால் இருமுகிறது" என்றாள்,
வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்பதுபோல.

கம்பெனியிலிருந்து ட்வைட் ஹாக்லண்ட் வந்தார்.
பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை இறக்கி வைத்தார்.
வறட்சி, என்றார்.
நல்ல மனிதர். பூட்ஸைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

இறைக்கிற கிணறு ஊறும் என்பது சரி.
இறைப்பது பக்கத்துக் குழியாக இருந்தால்?

இரண்டாம் வருஷம் சுவர் கட்டினார்கள்.
வெளியே தெரியாத சுவர்.
குழியைச் சுற்றி அகழி வெட்டி
அடிப்பாறை வரை களிமண் கூழை நிரப்பினார்கள்.
பம்புகள் ஓய்ந்த இரவில்
அந்தச் சத்தத்துக்குப் பழகிய நாய்கள் குரைத்தன.

மேற்கேயிருந்து மண்ணுக்குள் நடந்து வந்த தண்ணீர்
சுவரில் முட்டி நின்றது.
நின்றால் ஏறும்.
எலிகியோ பராகாவின் நிலவறைக்குள் ஏறியது.
எல்க் இறைச்சி நிறைந்த ஃப்ரீசர்
படிக்கட்டை நோக்கி மிதந்து வந்ததாகச் சொன்னார்.
இப்போது அவர் வீட்டிலும் ஒரு பம்பு,
இரவும் பகலும்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஆடெலாவின் கிணறு
இன்னும் இரண்டடி இறங்கியது.
இருவருக்கும் இடையில் அரை மைல்.

மாவட்ட விசாரணையில்
ஒருத்தி தண்ணீர் இல்லை என்றாள்,
அடுத்தவர் தண்ணீர் போகவில்லை என்றார்.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
எனக்கும் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை.

பிறகு என்னைக் கேட்டார்கள்.
குழி வருவதற்கு முன்பு
ஆறாம் எண்ணுக்கு எத்தனை அளவுகள் உண்டு?
இரண்டு.
மூன்றாவது அந்த ஜனவரியில் எடுத்திருக்க வேண்டும்.
பனி முழங்கால்வரை.
வண்டியிலிருந்து வேலியைப் பார்த்தேன்,
ஹீட்டரைக் கூட்டினேன்,
கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டுப் போனேன்.
இரண்டு புள்ளிகளை வைத்து
எதையும் சொல்ல முடியாது என்றார் வக்கீல்.
அவர் சொன்னது சரிதான்.

குழி நகரத்துக்கு நீர்த்தேக்கமாகப் போகிறது.
பலகை வைத்துவிட்டார்கள்:
நீலமான படம், படத்தில் ஒரு படகு.

இன்று செவ்வாய்.
ஆடெலா ஜன்னலிலிருந்து கையசைத்தாள்.
அவள் வெளியே வருவதில்லை இப்போது.
சாக்பீஸ் தேய்த்து நாடாவை இறக்கினேன்.
இருபத்தெட்டு. இருபத்தொன்பது.
முப்பதில் எடை போய்
நாடா என் கையில் தளர்ந்தது.
அடிமண்.
மேலே இழுத்தேன்.
தேய்த்தது தேய்த்தபடியே இருந்தது நீலம்.
படிவத்தில் நேரத்தை எழுதினேன்: பத்து நாற்பது.
ஆழத்துக்கான கட்டத்தில்
கோடு போடவில்லை.
உலர்ந்தது என்று
முழுச் சொல்லாக எழுதினேன்.
கட்டத்துக்கு வெளியே வந்துவிட்டது.