சிவப்புக் குமிழ்

உவர்மலை உச்சியில், வீட்டுப் பின்வளவில்,
இரண்டு வருசம் வள்ளம் கட்டினான் டெஸ்மன் றொசாரியோ.
இருபத்தெட்டு அடி. ஃபைபர்.
அதை வெளியில் எடுக்கிற வழியைப் பற்றி
ஒருநாளும் யோசிக்கவில்லை.
வெள்ளிக்கிழமை மதிலை உடைத்தோம்.
சனி விடிய ஐந்தரைக்கு
என் லான்ட்றோவரைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

எழுபத்தெட்டாம் ஆண்டு வண்டி.
கதவு மூன்றில் இரண்டு திறக்கும்.
"இதாலயா இழுக்கப்போறீங்கள்?" என்றாள்
டெஸ்மனின் மனைவி றெஜினா, தேத்தண்ணியோடு.
இழுக்கும் அக்கா.
நிப்பாட்டத்தான் யோசிக்கோணும்.

றிஸ்கான் கிண்ணியாவில் இருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தான்.
ட்ரெய்லரின் மூக்கை இரு கையாலும் தூக்கிப் பார்த்தான்.
சுலபமாக எழும்பியது.
"பின்பாரம். இப்படிப் போனா வால் ஆட்டும்."
நாற்பது குதிரை எஞ்சினைக் கழற்றி வண்டிக்குள் போட்டோம்.
வள்ளத்தை ஒரு முழம் முன்னுக்குத் தள்ளினோம்.
திரும்பத் தூக்கினான், கழுத்து நரம்பு புடைத்தது.
"இப்ப சரி."

கொழுவி விழுந்து பூட்டுகிற சத்தம் கேட்ட பிறகும்
சங்கிலி போட்டேன்.
அந்தச் சத்தத்தை நம்பித்தான் ஒருமுறை
கந்தளாய் றோட்டில்
என் ட்ரெய்லரே என்னை முந்திக்கொண்டு போனது.

சிவப்புக் குமிழை இழுத்தேன்.
லோ. முதலாம் கியர்.
பிரேக்கில் ஏறாதே என்று காலுக்குச் சொன்னேன்.
எஞ்சின் பிடித்தது; ஒன்றரைத் தொன் வள்ளம்
முதுகில் கைவைத்து, போ, போ என்றது.
கண்ணாடி முழுக்க அதன் வெள்ளை மூக்கு.
றிஸ்கான் பக்கத்தில் நடந்துவந்தான்
முட்டுக்கட்டையைத் தோளில் வைத்து,
பத்திரகாளி கோயில் தேருக்கு
முட்டுக் கொடுக்கிற ஆட்கள் மாதிரி.
தேரைப் படம் பிடிக்கிறவர்கள்
அவர்களைப் பிடிப்பதில்லை.

வளைவில் ட்யூசன் பிள்ளைகள்,
றோட்டை அடைத்துச் சைக்கிள்.
கால் தானாக ஏறியது.
பெடல் தகரம் வரை போய்
அங்கேயே கிடந்தது.

கைப்பிரேக் இந்த வண்டியில் சில்லைப் பிடிக்காது,
தண்டைப் பிடிக்கும்.
ஓட்டத்தில் இழுத்தால் எதையாவது முறிக்கும்.
எல்லாம் தெரிந்த கை, நடுவில் நின்று நடுங்கியது.

"றிஸ்கான்!"

கட்டை விழுந்த சத்தம்.
ரயர் அதில் ஏறி, யோசித்து, இறங்கியது.
இன்னொரு முறை. இந்தமுறை ஏறவில்லை.
ட்ரெய்லர் கொஞ்சம் சரிந்து
வண்டியைக் கடைக்கண்ணால் பார்த்தபடி நின்றது.
பிள்ளைகள் பேசாமல் சைக்கிளை மற்றப் பக்கம் உருட்டினார்கள்.
ஒருத்தி மட்டும் மணி அடித்தாள்,
வழி விடச் சொல்லி, வள்ளத்துக்கு.

பின் இடது சில்லில் எண்ணெய் ஒழுகியிருந்தது.
பைப்பை மடித்துச் சுத்தியலால் நசித்தேன்.
போத்தலில் இருந்த மிச்சத்தை ஊற்றிப் பெடலை மிதித்து மிதித்து
மூன்று சில்லுப் பிரேக்கோடு டவுனுக்குள் இறங்கினோம்.
நடுறோட்டில் கொம்பன் மான் ஒன்று
பொலித்தீன் பையைச் சப்பிக்கொண்டு நின்றது.
பின்னால் ஆட்டோக்காரர் எல்லாம் ஹோர்ன்.
எனக்கு அவசரம் இல்லை.
நின்றுகொண்டிருப்பது நல்லாயிருந்தது.

திருக்கடலூர் மணலில் ரயர்க் காற்றைப் பாதி இறக்கி
பின்னுக்கு எடுத்தேன்.
ட்ரெய்லர் இடப்பக்கம் போக
வலப்பக்கம் திருப்பவேண்டும்.
டெஸ்மனுக்கு இது விளங்கவில்லை,
கை காட்டிக் கத்திய பக்கம் எல்லாம் பிழை.
மூன்றாவது அலையில் வள்ளம்
ட்ரெய்லரை மறந்துவிட்டது.
வண்டியின் பின்பக்கம் முனகி எழும்பியது.
டெஸ்மன் சாரத்தோடு நீந்திப் போய் ஏறினான்.
காசு அவன் கழற்றிப்போட்ட சேட்டுக்குள்;
எண்ணிப் பார்த்தான் றிஸ்கான். ஐந்நூறு குறைவு.

வரும்போது வெறும் ட்ரெய்லர்
தகரக்கடை மாதிரிக் கத்தியது.
வெடித்த முட்டுக்கட்டையை மடியில் வைத்திருந்தான் றிஸ்கான்,
ரயரின் பூ அதில் பதிந்திருந்தது.
"வேற கட்டை பாப்பமா?" என்றேன்.
"இது கிடக்கட்டும்."

சின்ன இறக்கம்தான்.
பின்னால் ஒரு பாரமும் இல்லை.
சிவப்புக் குமிழை இழுத்தேன்.