சான்றுப்பொருள் மூன்று

குச்சவெளிப் பற்றைக்குள் பிடிபட்ட ஆமை
நீதிமன்றக் களஞ்சியத்தில்
நீலப் பிளாஸ்டிக் பேசினுக்குள் கிடக்கிறது.
ஓடெல்லாம் நட்சத்திரம்.
ஒன்றின்மேல் வழக்கிலக்கம் ஒட்டியது நான்தான்.

பிடித்த தர்மசேகரம்
பிணையில் போய்
உப்புவெளியில் மீன் விற்கிறான்.
இதற்குப் பிணை நிற்க ஆளில்லை.

இன்று ஏழாம் தவணை.
வல்லாரை போட்டேன், தொடவில்லை.
தக்காளித் தோலை மட்டும்
மென்றுகொண்டே இருந்தது.

மத்தியானம்
கடற்பக்கத்துக் கானுக்குள்ளிருந்து ஏறிய கபரகொய்யா
காவலரின் சப்பாத்தடியால்
நாக்கை நீட்டி நீட்டி மணம் பிடித்தபடி
மன்றுக்குள் நுழைந்து
மறுவாசலால் இறங்கிப் போனது.
யாரும் பெயர் கேட்கவில்லை.

பின்னேரம் களஞ்சியத்தைப் பூட்டினேன்.
உள்ளே
பேசினில் ஓடு உரசும் சத்தம்.
பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தேன்,
படியிறங்கித் திரும்பிவந்து
இன்னொருதரம்.