நாலு கை

ஓ கூலே என்றால் ஓடும் தண்ணீர்.
பேர் வைத்தவன் பொய் சொல்லவில்லை.
வானம், கூரை, மூங்கில் வேலி, என் மாரிஸ் மைனர்
எல்லாம் ஒழுகும் இடம் இது.

அறுபத்திரண்டாம் வருஷத்து வண்டி.
பின்சீட்டில் ஏறிக் கால் வைத்தால் சளக் என்கிறது.
டிக்கிக்குள் ஸ்பேர் டயர் பள்ளத்தில்
தேரை ஒன்று குடியிருந்த சேதியை
ஸ்வெட்டர் ஆலையில் ஒருத்தி விடாமல்
சொல்லி முடித்துவிட்டாள் மங்களா.

தபாலில் வந்தது புது ரப்பர்,
பெரிய அச்சில் பிழிந்த முறுக்குப்போல் சுருண்டு.
வெயிலில் போட்டு இளக்கவும் என்று கூடவே ஒரு சீட்டு.
வெயிலா? கியூர்பிப் பக்கத்திலா?
எனக்கு வைத்த வெந்நீரில் அதைக் குளிப்பாட்டினேன்.

பழையது கருவாடாய் ஒடிந்து ஒடிந்து வந்தது.
கீழ் விளிம்பில் பாசி.
பாசியில் ஒரு புல், பச்சையாக, வெட்கமில்லாமல்.
புல்லுக்கு அடியில் துரு.
ஐந்து ரூபாய்க் காசளவு என்று சுரண்டத் தொடங்கியது
உள்ளங்கை அளவில்தான் நின்றது.
மருந்து, பிரைமர், பெயிண்ட்,
நடுவே தார்ப்பாய் போட்டு மூடிய நான்கு மழைநாள்.

ரப்பரின் உள்வாயில் சுற்றிலும் கயிறு பதிக்க வேண்டும்.
தைப்பூசக் காவடிக்கு மூங்கில் வளைத்த நைலானில்
மீதி கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.
முருகனிடம் கேட்கவில்லை.

உள்ளேயிருந்து கயிற்றை இழுக்க ஒரு ஆள்,
வெளியேயிருந்து கண்ணாடியை அமுக்க ஒரு ஆள்.
நான் மொத்தமே ஒரு ஆள்.
இழுக்க உள்ளே போனால் கண்ணாடி வெளியே சரிகிறது.
பிடிக்க வெளியே ஓடினால் கயிறு உள்ளே கிடக்கிறது.
மூன்றாம் தடவை முழங்காலில் தாங்கினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் கயேத்தான்.
ஒன்பது மாதமாகப் பேச்சில்லை.
உன் கூரைத் தண்ணீர் என் சுவரில் விழுகிறது என்றேன்.
மழையை அனுப்புவது நானா என்றான்.
அதற்குமேல் இருவரும் சொன்னது இங்கே வேண்டாம்.

இன்றைக்குச் சுற்றி வரவில்லை, மூங்கிலை விலக்கி வந்தான்.
வணக்கம் இல்லை, பொன்சூர் இல்லை.
சரிகிற கண்ணாடிக்குக் கீழே
இரண்டு உள்ளங்கையைக் கொடுத்தான்.

உள்ளே புகுந்து நுனியைப் பிடித்தேன்.
நான் இழுக்கும் இடத்தில் அவன் தட்டினான்,
அவன் தட்டும் இடத்தில் நான் இழுத்தேன்.
சோப்பு நுரையில் வழுக்கி வழுக்கி
ரப்பரின் உதடு தகர விளிம்பின் மேல்
விரற்கடை விரற்கடையாக ஏறியது.
கண்ணாடிக்கு அப்பால் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.
தூஸ்மா, மெதுவாக, என்கிறான்.
உதட்டைப் பார்த்தே படித்தேன்.

வலது மேல் மூலையில் கயிறு நின்றுவிட்டது.
அறுந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.
இரண்டு கையும் போதாமல் நெற்றியையும் வைத்து
முழு உடம்போடு சாய்ந்தான் கயேத்தான்.
இத்தனை பக்கத்தில் அவன் முகத்தை நான் பார்த்ததில்லை.
இடது புருவத்தில் ஒரு தழும்பு.

ப்ளக்.
கடைசி முழம் என் மடியில் விழுந்தது, நுரையோடு.

சோதிக்க அவன் வீட்டு ஹோஸையே இழுத்து வந்தான்.
பத்து நிமிஷம் அடித்தோம்.
பின்சீட்டு காய்ந்தே இருந்தது.
டிக்கியைத் திறந்தேன்.
பள்ளத்தில் ஒரு கரண்டித் தண்ணீர்.

டிக்கிக் கதவு ரப்பரும் போச்சு என்றான்.
ஒன்பது மாதத்தில் காதில் விழுந்த முதல் வாக்கியம்.
இருவரும் சிரித்தோம் என்று எழுத ஆசைதான்.
சிரிக்கவில்லை.
கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
ஹோஸைச் சுருட்டிக்கொண்டு போனான்.

ராத்திரி மழை.
டார்ச்சோடு போய்ப் பார்த்தேன்.
கண்ணாடியின் வெளிப்புறம் அவன் நெற்றியின் எண்ணெய்த் தடம்,
அதன் மேல் மட்டும் தண்ணீர் நிற்காமல் ஓடியது.
அவன் கூரைத் தண்ணீர் வழக்கம்போல் என் சுவரில்.

படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன்.
டிக்கி ரப்பர் பசை வைத்து ஒட்டுகிற வேலை,
ஒரு ஆள் போதும்.
கூரைக்குப் பீலி மாட்டத்தான்
கீழே ஏணியைப் பிடிக்க
இன்னொரு ஆள் வேண்டும்.