வலப்பக்கம்

மருத்துவர் தாளில் ஒரு கோடு வரைந்து காட்டினார்:
இடது காது
இனி அவ்வளவுதான்.
ஸெனோன் தலையாட்டினான்,
சில்லறை இல்லை என்ற கடைக்காரருக்கு
ஆட்டுவதைப் போல.

ஆகவே
அக்டோபரின் இந்த மாலையில்,
கல்யாணமாகி முப்பத்தோரு வருடம் கழித்து,
நான் பக்கம் மாறி நடக்கிறேன்.

சுலபம் என்றுதான் நினைத்தேன்.
டிராம் ஓட்டுபவள்;
டோருன் நகரத்தின் எந்த வளைவும்
என் தோளுக்குத் தெரியும்.
ஆனால் ஷெரோகா தெரு முடிவதற்குள்
மூன்று முறை முழங்கை இடித்துவிட்டது.
என் கைப்பை அவன் இடுப்பில்.
அவன் குடை என் கணுக்காலில்.
எதிரே ஓடிவந்த ஒரு சிறுமி
எங்களை விலக்கிக்கொண்டு நடுவே போனாள்.
"புதிதாகக் கல்யாணமானவர்கள் மாதிரி இருக்கிறோம்" என்றேன்.
"என்ன?" என்றான்.
பழக்கத்தில்
பழைய பக்கத்துக்கே போயிருந்தேன்.

செங்கல் ஊர் இது.
வெயில் இறங்கும் நேரம்
சுவர்கள் உள்ளேயிருந்து காய்வதுபோல் சிவக்கும்,
பிறகு யாரோ விறகை இழுத்துவிட்டாற்போல
ஒரே மூச்சில் அணையும்.
மசாலா ரொட்டிக் கடை கதவு திறக்கும்போதெல்லாம்
தேனும் கிராம்பும் தெருவுக்கு வந்தன.
வாங்குவது வெளியூர்க்காரர்கள்.
நாங்கள் மோந்துவிட்டு நடந்தோம்,
காசு மிச்சம்.

அவன் வேலை
குழாய்க் கசிவைக் கேட்பது.
இரவு இரண்டு மணிக்கு, ஊர் அடங்கியபின்,
இரும்புக் கம்பியின் ஒரு முனை தெருக்கல்லில்
மறுமுனை காதில்.
எந்தக் காதில் என்று
இத்தனை வருடத்தில் நான் கேட்டதேயில்லை.
இன்று கேட்டேன், சரியான பக்கத்திலிருந்து.
"இடது" என்றான்.
பத்தடி போனபின்
"வலதிலும் கேட்கலாம், போக்னா.
கழுத்துதான் ஒத்துழைக்காது."

சாய்ந்த கோபுரத்தடியில் சின்னக் கூட்டம்.
சுவரோடு முதுகும் குதிகாலும் ஒட்ட நின்று
கைகளை முன்னே நீட்ட வேண்டும்.
விழாமல் நிற்பவர் பாவமில்லாதவர்,
ஊரில் அப்படி ஒரு பேச்சு.
ஒரு பையன் விழுந்தான். அவனுடைய பெண்ணும் விழுந்தாள்.
யாருக்கு யார்மேல் சந்தேகமோ,
இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

ஸெனோன் குடையை என்னிடம் தந்தான்.
அறுபதைத் தொடப்போகிற ஆள்
மேல்கோட்டுப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு
சுவரில் போய் நின்றான்.
கைகளை நீட்டினான்.
ஒன்று.
இரண்டு.
பொத்தென்று விழவில்லை,
யோசித்து யோசித்துச் சாய்ந்து
என் தோளில் வந்து முட்டினான்.
"பாவமில்லை, காது" என்றேன்.
"இரண்டும்தான்" என்றான்.

எந்தப் பாவம் என்று கேட்கவில்லை.
நாள் முழுக்கப் பின்கண்ணாடி பார்ப்பவளுக்குத் தெரியும்,
பின்னால் வருவதையெல்லாம்
பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை.

கரையில் காற்று.
விஸ்துலா, பாதி வெளிச்சமும் பாதி சேறுமாய்
அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.
படிகளில் வழுக்கும் என்று கைகோத்தோம்.

எங்கள் வழக்கத்தில் மோதிரம் வலது கைக்கு.
இத்தனை காலம்
என் மோதிரக் கையைத்தான் அவன் பிடித்துவந்தான்,
தன் வெறும் இடக்கையால்.
இன்று மாறிவிட்டது:
என் கை வெறுங்கை,
மோதிரம் அவனுடையது.

இவ்வளவு குளிருமா இது?
ஓரத்தில் ஒரு வெட்டு,
ஏதோ குழாய்த் திருகு கடித்த இடம்.
லேசாகச் சுழல்கிறது,
விரல் மெலிந்திருக்கிறது.
என் சுண்டுவிரலுக்கும் அதற்கும்
இன்னும் பழக்கமாகவில்லை.

அப்படியென்றால்,
ஒவ்வொரு குளிர்காலமும்
என் மோதிரத்தின் இந்தச் சில்லிப்பைத்தான்
பிடித்துக்கொண்டு வந்தானா,
ஒரு வார்த்தை சொல்லாமல்?

கேட்கலாம் என்று வாயெடுத்தேன்.
பாலத்தின்மேல் ரயில் வந்துவிட்டது,
விளக்கெரியும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாய்த் தண்ணீரில் இடறின.
அந்த இரைச்சலில்
அவன் என்னைப் பார்த்து ஏதோ சொன்னான்.

"என்ன?" என்றேன்
நான்.