புள்ளிக்கணக்கு

ஒரு படத்துக்கு அறுபது பைசா.
தேவகோட்டை, மருந்துக்கடை மாடி,
மின்விசிறி மூன்றில் வைத்தால்தான் சுற்றும்.
காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது
நான் ஒருநாளும் நேரில் பார்க்கப்போகாத பறவை.

மரங்கொத்தி என்றுதான் பேர்.
இறங்கித் தின்பது தரையில், எறும்பு.
பழுப்பு முதுகில் குறுக்குக் கோடு,
மார்பெங்கும் புள்ளி,
யாரோ பேனாவை உதறியதுபோல.

கிழக்கே இருப்பதற்குச் சிறகின் தண்டு மஞ்சள்.
ஆண் என்றால் கறுப்பு மீசை,
பிடரியில் ஒரு சிவப்புக் கீற்று.
மேற்கே தண்டு சிவப்பு,
மீசை சிவப்பு, பிடரி வெறும் பிடரி.
ஒரே இனம், இரண்டு வட்டகை.
இங்கே அப்படிச் சொன்னால்தான் புரியும்.

திரையில் இரண்டு கட்டம்.
மஞ்சளா, சிவப்பா, அழுத்து, அடுத்தது.
"யோசிக்காதே, கட்டைவிரல் போதும்" என்பார்
சூப்பர்வைசர் நைனா முகமது.
இரண்டாயிரம் படம்வரை
கட்டைவிரல்தான் போனது.

பிறகு சமவெளியிலிருந்து ஒரு கட்டு வந்தது.
நடுவில் புல்வெளி,
ஆற்றோரம் மட்டும் மரம் நிற்கிற சீமையாம்.
அங்கே ஒன்றுக்கு
இடக் கன்னத்தில் கறுப்பு மீசை, வலப்பக்கம் சிவப்பு.
பிடரியில் பாதிக் கீற்று.
தண்டின் நிறம், எப்படிச் சொல்ல,
பனம்பழத்தைப் பிய்த்தால்
நாரோடு வருமே, அது.

என் பேர் சிகப்பி. ஆள் கறுப்பு.
பேர் அப்பச்சி வழி.
அம்மா தொண்டி, உப்பு ஆபீஸ் கிளார்க் மகள்.
கல்யாணம் மதுரையில், பதிவாளர் முன்னால்,
சாட்சிக் கையெழுத்து லாட்ஜ் மேனேஜர்.

வருஷா வருஷம் புள்ளி வரிக்கு ஆள் வரும்.
தம்பதி முழுப்புள்ளி,
துணை போனவர் அரைப்புள்ளி.
எங்கள் வாசலில் மட்டும் அந்த மொபெட் நிற்காது.
அன்றைக்கென்று அப்பச்சி
வேப்பமரத்து ஆணியில் கண்ணாடியை மாட்டி
வாசலில் நின்றுதான் சவரம் செய்வார்.
ஒரு கன்னம் முடிந்திருக்கும்.
மறு கன்னத்தில் நுரை காயக் காய
வண்டி தெருமுனை திரும்பும்வரை
கத்தியைப் பிடித்தபடி நிற்பார்.

சந்தேகமானதைத் தள்ளிவிடு, உத்தரவு வந்தது.
தள்ளியதற்குக் காசில்லை.
இரண்டு கட்டத்தையும் சேர்த்து அழுத்திப் பார்த்தேன்,
திரை ஏற்கவில்லை.
எண்பத்தொரு படத்தின் எண்ணை வரிசையாக எழுதி
இவற்றை எங்கே வைப்பது என்று
உடைந்த இங்கிலீஷில் கேட்டு அனுப்பினேன்.
நைனா முகமது தலையில் அடித்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்துப் பதில்.
அந்தப் பக்கத்தில் ஒரு பெண்:
ஜோடி சேரும்போது அவை
தண்டின் நிறம் பார்ப்பதாகத் தெரியவில்லை.
எங்களுக்கு வேண்டியதே
நீங்கள் தள்ளாமல் வைத்த அவைதாம்.
திங்கட்கிழமை திரையில் மூன்றாவது கட்டம் இருந்தது.
அதற்கும் அறுபது பைசா.

ராத்திரி ஒரு படத்தை அப்பச்சியிடம் நீட்டினேன்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
வெகுநேரம் பார்த்தார்.
"பாதிச் சவரத்துல எழுந்து வந்திருக்கு" என்றார்.
ஃபோனைத் திருப்பித் தந்தார்.
பிறகு படுக்கையிலிருந்து,
விளக்கை அணைத்த பிறகு:
"அவ்வளவு எறும்பு தின்னா
நாக்கு புளிக்காதா அதுக்கு?"